டிவியில் ஒரு சட்டம், தோட்டத்தில் ஒரு சட்டம்

கடந்த தீபாவளி விடுமுறைக்கு ரந்தாவில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பு தோட்டமாக இருந்து இப்போது தாமானாகிவிட்ட இடம். பால்மரம் நின்ற இடத்தில் இரண்டு மாடி வீடுகள். கோயில் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

அக்காள் மகன் சைபர்ஜெயாவில் வேலை செய்கிறான். கூடத்தில் அமர்ந்து ஓர் அமெரிக்க நீதிமன்றத் தொடரை அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவனைக் கைது செய்யும் காட்சி வந்தது. "மாமா, பேசாம இருக்க உனக்கு உரிமை இருக்குன்னு போலீஸ் சொல்லியே ஆகணும். சொல்லலைன்னா கேஸே நிக்காது" என்றான், ஏதோ நம் ஊர் பாலாயில் நடப்பதைப் போல.

அந்த நேரத்தில்தான் அத்தை உள்ளே இருந்து ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். தோட்டத்தில் 28 ஆண்டுகள் பால் வெட்டியவர். டின்னுக்குள் பழைய செக்ரோல் சீட்டுகள், தடுப்பூசி அட்டை, மாமாவின் இறப்புப் பத்திரம். அடியிலிருந்து மஞ்சள் பூத்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதப் படிச்சுச் சொல்லுய்யா. தோட்டத்த வித்தப்ப கைரேகை வாங்குனாங்க. இதுக்கு இன்னும் ஏதாச்சும் கிடைக்குமா?"

மலாயில் தட்டச்சு செய்த நான்கு வரிகள். என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன், நல்லெண்ணத் தொகையாக 1,500 வெள்ளி பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது. கீழே அத்தையின் கட்டைவிரல் ரேகை.

கூடத்தில் ஒரு சட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என் கையில் இன்னொரு சட்டம் இருந்தது. நம் வீடுகளில் பலருக்கும் முதலாவதுதான் அதிகம் தெரியும். ஆகவே இந்த வாரம் அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படைகளை எடுத்து, அவற்றை நெகிரி செம்பிலான் தோட்ட வாழ்க்கையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எது பொருந்தும், எது பொருந்தாது என்று தெரிந்தால் டிவியையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

ஒரே வேர், இரண்டு கிளை

இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் தாய்வீடு இங்கிலாந்துதான். முந்தைய தீர்ப்பைப் பார்த்து அடுத்த தீர்ப்பைச் சொல்லும் பொதுச்சட்ட மரபு இரண்டுக்கும் பொது. அமெரிக்கா 1776-இல் பிரிந்து போய்த் தன் வழியில் வளர்ந்தது. தீபகற்ப மலேசியாவில் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டம், அந்த ஆண்டு ஏப்ரல் 7 வரை இங்கிலாந்தில் இருந்த பொதுச்சட்டத்தை, நம் சூழலுக்குப் பொருந்தும் அளவில் ஏற்றுக்கொண்டது.

நமக்கு இன்னொரு வழியும் உண்டு. அது இந்தியா வழி. நம் தண்டனைச் சட்டம் 1860-இல் இந்தியாவுக்காக எழுதப்பட்டதன் வாரிசு. அதனால்தான் பழைய தமிழ்ப் படங்களில் கேட்ட 302 இங்கேயும் கொலைதான், 420 இங்கேயும் மோசடிதான். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் அச்சு. சட்ட விஷயத்தில் கோடம்பாக்கத்தை நம்புவது ஹாலிவுட்டை நம்புவதைவிடக் கொஞ்சம் பாதுகாப்பானது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அமெரிக்காவில் திருமணம், நிலம், கொலைக் குற்றம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு மாநிலத்தில் மரண தண்டனை உண்டு, எல்லை தாண்டினால் இல்லை. இங்கே பெரும்பாலான சட்டங்கள் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் இயற்றப்படுபவை. ஆனால் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநில அரசின் கையில். தோட்டத்து மக்களின் வீட்டுப் பிரச்சினை எப்போதும் சிரம்பானில் மந்திரி பெசார் அலுவலக வாசலில் போய் நிற்பதற்கு இதுவே காரணம்.

கைது என்றால்

தங்கை மகனோ அண்ணன் மகனோ ராத்திரி ரோட்டில் பிடிபட்டால் வீடு முழுவதும் பதறுகிறது. அந்த நேரத்தில் அமெரிக்கத் தொடர் உதவாது.

பேசாமல் இருக்கும் உரிமையைச் சொல்லியாக வேண்டும் என்பது 1966-இல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. நம் விதி வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டரசு அரசமைப்பின் 5-ஆவது பிரிவு: கைதானவருக்கு அதற்கான காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைப் பார்க்க அனுமதிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2007-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 28ஏ பிரிவு, விசாரணை தொடங்குமுன் உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளவும் வழி செய்கிறது. 112-ஆவது பிரிவின்படி, தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். பெயரையும் அடையாள அட்டையையும் மறைக்க இது இடம் தராது.

24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட்டின் தடுப்புக்காவல் உத்தரவு வேண்டும். 14 ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேற்பட்டதானால் 7 நாளும் 7 நாளும். அந்த உத்தரவு கேட்கப்படும் காலைப்பொழுதுதான் முக்கியம். 2012 முதல் இயங்கும் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் அந்தக் கட்டத்தில் இலவசமாக ஆஜராகிறார்கள். குடும்பத்தினர் எத்தனையோ பேர் வாசலிலேயே அழுதுகொண்டு நிற்கிறார்களே தவிர, அவர்களை நாடுவதில்லை.

அமெரிக்காவில் ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் என்பது 1963-இல் கிளாரன்ஸ் கிடியன் என்ற கைதியால் வந்தது. ஃப்ளோரிடா சிறையில் இருந்துகொண்டு பென்சிலால் ஒரு மனு எழுதினார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டம் படிக்காத மனிதரின் மனு அது. இதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"மாமா, நம்ம ஊர்ல ஜூரி எங்க உட்காருவாங்க?" என்று மருமகன் கேட்டான். எங்கேயும் உட்காரமாட்டார்கள். மலேசியாவில் ஜூரி முறை 1995-இல் ஒழிக்கப்பட்டது. இப்போது நீதிபதி மட்டுமே.

குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஓ.ஜே. சிம்சன் 1995-இல் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். 1997-இல் அதே மரணங்களுக்காகச் சிவில் வழக்கில் பொறுப்பாக்கப்பட்டார். முன்னதில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், பின்னதில் எது அதிகம் சாத்தியம் என்று காட்டினால் போதும். இங்கேயும் 2009-இல் போலீஸ் காவலில் இறந்த ஏ. குகன் விஷயத்தில் ஒரு போலீஸ்காரருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது ஒரு வழக்கு. அவருடைய தாயார் தொடுத்து 2013-இல் உயர் நீதிமன்றத்தில் இழப்பீடு பெற்றது இன்னொரு வழக்கு. அரசாங்கத்தின் மீதோ அரசு அதிகாரியின் மீதோ வழக்குத் தொடுக்கக் காலக்கெடு பொதுவாக 36 மாதங்கள்தான். "பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டுக் கெடு தாண்டிப்போன குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

அத்தையின் காகிதம்

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் எழுத்து ஒப்பந்தமோ தொழிற்சங்கமோ இல்லாத தொழிலாளியை முதலாளி காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். இனம், மதம், பால் போன்ற பாகுபாடு இருக்கக்கூடாது, அவ்வளவே. வேலைபோனால் இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் எதுவும் அங்கே இல்லை. தொடரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்தை விட்டு வெளியேறும் காட்சி வருவதற்கு அதுவே அடிப்படை.

நம் சட்டம் தொழிலாளியின் பக்கம் இதைவிட அதிகம் சாய்ந்திருக்கிறது. 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, நியாயமான காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் மீண்டும் வேலை கேட்டு மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் செய்ய வேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

தோட்டம் மூடப்பட்டோ ஆட்குறைப்பிலோ வேலை போனால் 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இதற்குத் தனியாக முன்னறிவிப்பும் உண்டு. ஐந்து ஆண்டைத் தாண்டியவருக்கு 8 வாரம்.

அத்தை 28 ஆண்டுகள் வேலை செய்தார். ஆண்டுக்கு 20 நாள் என்றால் 560 நாள் சம்பளம். அன்றைய நாள்கூலி 12 வெள்ளி என்று வைத்துக்கொண்டால்கூட 6,720 வெள்ளி. அதோடு 8 வார முன்னறிவிப்புச் சம்பளம். அவருக்குக் கிடைத்தது 1,500.

இந்த வித்தியாசம் ஒரே வார்த்தையில் இருந்தது. "விலகுகிறேன்" என்ற வார்த்தையில். தொழிலாளி தானாக விலகினால் இழப்பீடு கிடையாது, வேலையிலிருந்து நிறுத்தினால் உண்டு. தோட்டத்தை வாங்கியவர் பழைய வேலை நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தந்து, தொழிலாளி அதை மறுத்தாலும் இழப்பீடு கிடைக்காது. ஆனால் அத்தைக்கு யாரும் அப்படி எதுவும் தரவில்லை. பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வைத்து, மை டப்பாவை நீட்டினார்கள்.

கட்டாயத்தின் பேரில் வாங்கிய விலகல் கடிதத்தை வேலைநீக்கமாகவே கருதித் தொழில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதுண்டு. ஆனால் அதற்கும் அதே 60 நாள்தான். சம்பள பாக்கிக்கும் இழப்பீட்டுக்கும் தொழிலாளர் இலாகாவில் நேரில் போய்ப் புகார் கொடுக்கலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. அந்த 60 நாட்களிலும் அத்தை ஒவ்வொரு நாளும் சந்தைக்குப் போகும்போது சிரம்பான் பஸ் நிலையத்தைக் கடந்துதான் போயிருக்கிறார்.

"அப்ப யாரும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"கிராணி ஐயாதான், எல்லாரும் போடுறாங்க, நீயும் போடுன்னு சொன்னாரு."

மற்றத் தோட்டங்களில் சங்கத்தில் சேர்ந்து நின்று, கைரேகை வைக்காமல் முழுத்தொகையையும் பெற்றவர்களும் இருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்கும் அத்தைக்கும் ஒன்றுதான்.

இன்றைய தொழிலாளிகளுக்கு ஒரு தகவல். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம் 1955, சில ஏற்பாடுகளைத் தவிர, சம்பள வரம்பின்றி எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்துகிறது. வாரத்துக்கு 45 மணி நேர வேலை. பேறுகால விடுப்பு 98 நாள். தந்தைக்கு 7 நாள். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்துக்கு 900 வெள்ளியாகத் தொடங்கியது, 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி.

மூன்று தலைமுறை இருந்த வீடு

அமெரிக்க நிலச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவருடைய நிலத்தில் இன்னொருவர் பல ஆண்டுகள் வெளிப்படையாக, உரிமையாளர் அனுமதியின்றி, தொடர்ச்சியாகத் தன் சொத்தைப் போல் அனுபவித்து வந்தால், சட்டம் அவரையே உரிமையாளராக ஏற்கலாம். காலம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் நிலவரியும் கட்டி வந்திருந்தால் 5 ஆண்டு போதும்.

இதைக் கேட்டதும் தோட்டத்துப் பெரியவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்படின்னா நாங்க 70 வருஷம் இருந்தோமே?"

இங்கே அது எடுபடாது. தேசிய நிலச் சட்டம் 1965-இன் 341-ஆவது பிரிவு, எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமையாளரின் உரிமை போகாது என்று தெளிவாகச் சொல்கிறது. நம்முடையது டொரென்ஸ் முறை. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இந்த முறையில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பாட்டன் நட்ட பலாமரம் சாட்சி சொல்லாது. லயத்து வீட்டில் வேலையின் பேரில் இருந்தவர்களுக்கு, அமெரிக்கச் சட்டத்திலும்கூட அந்த வாதம் நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அனுமதியோடு இருந்தவர் அனுபவித்து உரிமை கொண்டாட முடியாது.

அப்படியென்றால் மறுநாளே சாமான்களை வெளியே வீசிவிட முடியுமா? வாடகைதாரர் காலம் முடிந்தும் வீட்டில் இருந்தால், நீதிமன்ற உத்தரவில்லாமல் வீட்டுக்காரர் அவரை வெளியேற்றக்கூடாது என்கிறது 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம். தோட்டத்து வீடு வாடகை வீடா, வேலையோடு ஒட்டிய அனுமதியா என்பதே வழக்குகளில் முதல் சண்டையாகிறது. அதனால்தான் சிலியாவ், லாபு, போர்ட்டிக்சன் பக்கமெல்லாம் தோட்ட நிலம் கைமாறும் பேச்சு வரும்போது, வீட்டுக்கு மாற்று வீடு என்ற கோரிக்கையை முன்கூட்டியே எழுத்தில் வைப்பது நல்லது. நிலம் விற்ற பிறகு பேச ஆரம்பித்தால் பேச எதிரில் ஆளிருக்காது.

நமக்குப் பக்கத்திலேயே ரெம்பாவிலும் குவாலா பிலாவிலும் மலாய் மக்களின் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. அதையும் சட்டம் பதிவேட்டில் எழுதிக் காக்கிறது. வழக்கம் என்று வாயால் சொன்னால் போதாது, பதிவில் ஏற வேண்டும் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கோயிலில் கட்டிய தாலி

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்பவர்கள் இதைப் படியுங்கள்.

1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாருக்குத் திருமணச் சட்டம் ஒன்றே. 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். அந்தத் தேதிக்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணங்கள் செல்லும். அதற்குப் பின், பதிவாளரோ துணைப் பதிவாளரோ முன்னிலையில் சட்டப்படி நடந்து பதிவான திருமணம்தான் திருமணம். ஐயர் மந்திரம் சொல்லி, ஊரே அட்சதை போட்டு, ஆயிரம் பேர் சாப்பிட்டிருந்தாலும் சரி. கோயிலில் துணைப் பதிவாளர் இருந்தால் இரண்டையும் ஒன்றாக முடிக்கலாம். இல்லையென்றால் தேசியப் பதிவு இலாகாவில் முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். அறிவிப்புக்கு 21 நாள் ஆகும்.

பலருக்கு இது ஒரு காகித வேலையாகத் தெரிகிறது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அந்த அப்புறம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

அமெரிக்காவில் 1868-ஆம் ஆண்டு 14-ஆவது திருத்தம், அந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்றது. 1898-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சீனத் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதைச் சுருக்க வேண்டும் என்று இப்போது அங்கேயே பெரிய வாதம் நடக்கிறது. நம் நாட்டிலும் 1957 மெர்டேக்கா நாள் முதல் 1962 அக்டோபர் வரை இங்கு பிறந்ததே போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

இங்கேதான் சிக்கல். அரசமைப்பின் இரண்டாவது அட்டவணைப்படி, பெற்றோரின் திருமணம் சட்டப்படி இல்லாவிட்டால் குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை கணக்கில் வராது, தாயுடையது மட்டுமே வரும். தாய் மலேசியர் என்றால் குழந்தையும் மலேசியர்தான். தாய் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர், தந்தை இங்கே பிறந்து வளர்ந்த நீல அடையாள அட்டைக்காரர், தாலி கோயிலில், பதிவு இல்லை என்றால், அந்தக் குழந்தை மலேசியர் அல்ல. பள்ளியில் சேர்ப்பதிலிருந்து சிக்கல் தொடங்குகிறது. பிறகு அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வேலை. 15ஏ பிரிவின் கீழ் மனுச் செய்யலாம், ஆனால் அது அரசாங்கத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒரு தந்தையின் அலட்சியத்துக்குப் பிள்ளை கட்டும் வட்டி இது.

பதிவில்லாத திருமணத்தின் இரண்டாவது அடி கணவர் இறந்த அன்று விழுகிறது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி பிரியும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இந்த மனைவி என்ற சொல் சட்டப்படியான மனைவியைக் குறிக்கும். 30 ஆண்டு கூட வாழ்ந்தவர், தாமான் வீட்டுக்குத் தவணை கட்ட உதவியவர், நில அலுவலகத்தில் வெறும் சாட்சியாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உயில் எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. முஸ்லிம் அல்லாதார் எழுதிய உயில், அதற்குப் பின் திருமணம் செய்துகொண்டால் பொதுவாக ரத்தாகிவிடும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுபவரே சாட்சியாகக் கையெழுத்திட்டால் அவருக்குரியது போய்விடும். ஊழியர் சேமநிதியில் பெயர் குறிப்பிட்டிருந்தால் பணம் அந்தப் பெயருக்கே போகும். கல்யாணத்துக்கு முன் அக்காள் பெயரைப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் நாளைக்கே போய் மாற்றுங்கள்.

விபத்தும் கடனும்

அமெரிக்கா என்றால் எதற்கெடுத்தாலும் கோடிக்கணக்கில் நஷ்டஈடு என்று ஒரு பேச்சு உண்டு. 1994-இல் மெக்டோனால்ட்ஸ் காப்பி கொட்டி வெந்துபோன மூதாட்டிக்கு ஜூரி 27 லட்சம் டாலர் தண்டத்தொகை கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். நீதிபதி அதை 4 லட்சத்து 80 ஆயிரமாகக் குறைத்தது பலருக்குத் தெரியாது.

வேலையிடத்து விபத்தைப் பொறுத்தவரை இரண்டு நாடும் ஒரே மாதிரிதான். யார் தவறு என்று பார்க்காமல் காப்புறுதியிலிருந்து பணம் வரும், பதிலுக்கு முதலாளி மீது வழக்குப் போட முடியாது. நமக்கு அது 1969-ஆம் ஆண்டுச் சட்டம், சொக்சோ. செம்பனைக் குலை விழுந்தாலும், வேலைக்காட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் அடிபட்டாலும் சொக்சோ உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். "சின்னக் காயம்தானே" என்று நாட்டு மருந்து போட்டுக்கொண்டு மருத்துவச் சீட்டு வாங்காமல் விட்டவர்கள், ஆறு மாதம் கழித்து முதுகு வலிக்கும்போது எதைக் காட்டுவார்கள்?

கடனைப் பற்றிச் சுருக்கமாக. உரிமம் இல்லாத வட்டிக்காரரின் கடன் பத்திரம் நீதிமன்றத்தில் செல்லாது. உரிமம் பெற்றவரும் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. மோட்டார் சைக்கிளோ காரோ தவணையில் எடுத்தால், இரண்டு தவணை தொடர்ந்து தவறிய பிறகு 21 நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் எடுத்துச் செல்ல முடியும். முக்கால் பங்கு கட்டியாகிவிட்டால் நீதிமன்ற உத்தரவே வேண்டும். எடுக்க வரும் ஆளிடம் அவருடைய அனுமதி அட்டையைக் கேளுங்கள். சில சமயம் அந்தக் கேள்விக்கே திரும்பிப் போய்விடுவார்கள். பொருள் வாங்கி ஏமாந்தால் 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் நாமே மனுப் போடலாம், கட்டணம் 5 வெள்ளி.

ஒப்பந்தம் என்ற பேச்சு வந்ததும் மருமகன் தொடரை நிறுத்திவிட்டுத் தன் வேலைக் கடிதத்தைக் கைப்பேசியில் எடுத்தான். கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருடமாகிறது, முதல் பக்கத்தில் சம்பளத்தை மட்டுமே படித்திருக்கிறான். நான்காவது பக்கத்தில், வேலையை விட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு அதே துறையில் வேறெந்த நிறுவனத்திலும் சேரக்கூடாது என்றிருந்தது. அமெரிக்காவில் மாநிலத்தைப் பொறுத்து இது செல்லும், செல்லாது. இங்கே ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆனால் அதற்குக் கீழே மூன்று மாத முன்னறிவிப்பு என்றிருந்தது. அது செல்லும்.

"இங்க கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன் மாமா" என்றான்.

அத்தை அவனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "அப்ப எனக்கு ஒண்ணும் கிடைக்காது, அப்படித்தானே?" என்று கேட்டார்.

கிடைக்காது அத்தை என்றேன். காலம் கடந்துபோயிற்று. 60 நாளும் போயிற்று, சாதாரண ஒப்பந்த வழக்குக்குரிய 6 ஆண்டும் போயிற்று.

அவர் காகிதத்தை மடித்து டின்னுக்குள் வைத்தார். பிறகு உள்ளே போய், அடுத்த மாதம் கோயிலில் கல்யாணம் வைத்திருக்கும் பேத்தியைக் கூப்பிட்டார். "சிரம்பான் ஆபீசுக்கு எப்ப போறீங்க? 21 நாளாம், மாமா சொல்றாரு."